பரமட்டாவில் ஒரு ஃபுட்டி இரவு

அவுஸ்திரேலியாவில் 'ஃபுட்டி' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். மெல்பேர்னில் அது பெரிய வட்ட மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஆட்டம். மேற்கு சிட்னியில் ஃபுட்டி என்றால் றக்பி லீக். துங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில் என்று நம்முடைய சனம் நிறைய இருக்கிற ரயில் நிலையங்கள் வரிசையாக வரும். அதே வரிசையில் வெஸ்ட்மீட் தாண்டினால் பரமட்டா. வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த ரயிலில் ஏறினால், பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் வாங்கிய பையோடு ஒரு ஆன்ட்டியும், நீலமும் மஞ்சளும் கலந்த ஜேர்சி போட்ட ஒரு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். அந்த நீலமஞ்சள்தான் பரமட்டா ஈல்ஸ்.

மாஸ்டர்ஸ் படிக்க வந்து, வேலை கிடைத்து, இந்தப் பக்கமே வீடு எடுத்தவன் நான். கிரிக்கெட் மட்டும் போதும் என்று பல வருடம் இருந்தேன். என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனது எட்டு வயது மகன். பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் கதைக்கிற விஷயம் அதுதான். அந்தக் கதையில் அவனுக்கும் ஒரு இடம் வேண்டும். போன வருடம் அவன் கேட்ட கேள்வி இது: "அப்பா, நானும் விளையாடலாமா?" ஆட்டம் என்னவென்று தெரியாமல் ஓம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது என்று மனைவி சொன்னாள். அதனால்தான் டிக்கெட் எடுத்தோம். கொழும்பில் இளவயதில் றக்பி பார்த்துப் பழகிய மாமாவும் கூட வந்தார்.

மைதானமும் விலாங்கும்

பரமட்டா நிலையத்தில் இறங்கி சேர்ச் ஸ்ட்ரீட் வழியே நடந்தால், சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி, ஆற்றைக் கடந்து மைதானம் வரும். நடக்க இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டிராமும் அந்தத் தெருவால் போகிறது. பழைய மைதானத்தை 2017இல் இடித்து, 2019இல் இந்தப் புதியதைத் திறந்தார்கள். 30,000 பேர் இருக்கலாம். படிகள் செங்குத்தாக இருப்பதால் கடைசி வரிசையில் இருந்தாலும் ஆட்டக்காரர் மோதுகிற சத்தம் காதில் விழும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது மனைவி என் கையைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பரமட்டா என்ற பெயர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான பரமட்டகல் மக்களிடமிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அணிக்கு ஈல்ஸ் என்று பெயர் வந்ததும் அதனால்தான். இந்த ஆற்று விலாங்குகள் முட்டையிட வடக்கே வெப்பக்கடல் வரை போகும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு திரும்பி வந்து ஆறுகளில் ஏறும். மகனுக்கு ஆட்டத்தை விட இந்தக் கதைதான் முதலில் பிடித்தது.

ஈல்ஸ் 1947இல் முதல்தரப் போட்டிக்குள் வந்தது. முதல் கிண்ணத்துக்கு 1981 வரை காத்திருந்தது. அன்றிரவு ரசிகர்கள் பழைய மைதானத்தின் மரக் கொட்டகையைக் கொளுத்தியே கொண்டாடினார்கள்! 1982, 1983, 1986 என்று மேலும் மூன்று கிண்ணம். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. 2022 இறுதியாட்டத்துக்கு வந்து, பக்கத்து ஊரான பென்ரித்திடம் 28-12 என்று தோற்றது. இந்த ஊர்க்காரரின் பொறுமைக்குக் காரணம் இப்போது விளங்கும்.

சடுகுடுவுக்குப் பந்து கொடுத்தால்

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மாமா சொன்னார்: "தம்பி, இது நாங்கள் பார்த்த றக்பி இல்லை. சடுகுடுக்காரரிடம் பந்தைக் குடுத்த மாதிரியெல்லோ இருக்கு!" இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அணிக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தோடு ஓடி வருபவரை எதிரணி பிடித்து மடக்க வேண்டும். மடக்கினால் அவர் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி மறுபடி தொடங்குவார். இப்படி ஆறு தடவை. ஆறு முடிந்தால் பந்து எதிரணிக்கு. கையால் பந்தைப் பின்னுக்கு மட்டும்தான் எறியலாம். கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அமுக்கினால் 'ட்ரை', நான்கு புள்ளி.

மாமா பார்த்தது றக்பி யூனியன். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்; பிரிந்தது காசால். 1895 ஓகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் வடக்கே ஹடர்ஸ்ஃபீல்டில், ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய கழகங்கள் தனியாகப் போக முடிவெடுத்தன. அந்தக் கழகங்களில் ஆடியவர்கள் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுசெய்யலாம் என்றது வடக்கு. காசு வாங்கினால் அது கனவான் விளையாட்டு இல்லை என்றது தெற்கு. சிட்னியில் 1907இல் இதே சண்டைதான். அலெக் பேர்டன் என்ற முடிதிருத்துநர் ஆட்டத்தில் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தபோது அவருக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் புதிய லீக்கைத் தொடங்கியவர்களுக்கு உரமானது. தொடங்கியவர்களில் ஒருவர் கிரிக்கெட் வீரர் விக்டர் ட்ரம்பர் என்று அறிந்தபோது எனக்குள் இருந்த கிரிக்கெட்காரன் கொஞ்சம் சமாதானமானான்.

வருடா வருடம் புது வேர்ஷன்

நான் மென்பொருள் எழுதுகிறவன். அதனால் இந்த ஆட்டத்தில் என்னைக் கவர்ந்தது, விதிகளைத் தொடத் தயங்காத அதன் குணம். 1906இலேயே 15 பேரை 13 ஆக்கி இடைவெளியைப் பெருக்கினார்கள். அப்போது ஆறு தடவை என்ற கணக்கு இல்லை. பந்து கையில் இருக்கும்வரை ஒரே அணி ஆடிக்கொண்டே இருக்கலாம். சிட்னியில் செயின்ட் ஜோர்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு கிண்ணம் வென்றது. 1967இல் நான்கு டக்கிள் விதி வந்தது, அந்த வருடமே தொடர் அறுந்தது. நான்கு போதாது, ஆட்டம் பதறுகிறது என்று 1971இல் ஆறாக்கினார்கள். 1983இல் ட்ரைக்கு மூன்றுக்குப் பதில் நான்கு புள்ளி.

எல்லை வந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஐந்து தடவை முட்டிவிட்டு, கடைசியில் பந்தை வானத்துக்கு உதைத்து, இறங்கும் இடத்தில் எல்லாரும் பாய்வது. இதற்கு 'பொம்ப்' என்று பெயர். எழுபதுகளில் இதைப் பிரபலமாக்கிய ஜோன் பியர்ட் பரமட்டாவுக்கும் ஆடியவர். பாதுகாப்பு அணி பின்வாங்க வேண்டிய தூரம் ஐந்து மீற்றராக இருந்து தொண்ணூறுகளில் பத்தானது. அந்தக் கூடுதல் ஐந்து மீற்றரில் முன்வரிசை ஆட்கள் ஓடிவந்து மோதும் வேகம் கூடியது.

அதற்கு எதிர்மருந்தும் வந்தது. மெல்பேர்ன் ஸ்டோர்ம் மல்யுத்தப் பயிற்றுநரை வைத்துத் தன் ஆட்களைப் பழக்கியது. மூன்று பேர் சேர்ந்து பிடித்து, மல்லாக்கப் போட்டு, எழும்ப விடாமல் ஒன்றிரண்டு விநாடி தாமதித்தால் போதும். எதிரணியின் வேகம் செத்துவிடும். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆட்டம் மெதுவானது. 2020இல், கொரோனா இடைவேளைக்குப் பிறகு, இதை உடைக்க 'சிக்ஸ் அகெய்ன்' வந்தது. வேண்டுமென்று தாமதித்தால் ஆட்டத்தை நிறுத்தாமலே எண்ணிக்கை மறுபடி பூச்சியத்துக்குப் போகும். மூச்சு வாங்க நேரமில்லை. மாற்று ஆட்களை இறக்கும் தடவையையும் 2001இல் 12, 2008இல் 10, 2016இல் 8 என்று குறைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். பெரிய உடம்பு மட்டும் இருந்தால் இன்று முதற்பாதியிலேயே நாக்குத் தள்ளிவிடும். சின்ன உடம்போடு சுழன்று ஓடுகிறவருக்கு இது நல்ல காலம்.

சிட்னியிலிருந்து போர்ட் மோர்ஸ்பி வரை

1908இல் ஒன்பது கழகங்களோடு தொடங்கியது. நெடுங்காலம் இது சிட்னிக்குள்ளேயே சுற்றிய போட்டி. 1982இல் கன்பெராவும் இல்லவாராவும், 1988இல் பிரிஸ்பேன், நியூகாசில், கோல்ட் கோஸ்ட், 1995இல் ஒக்லண்ட், பேர்த், வட குயின்ஸ்லாந்து என்று எல்லை விரிந்தது. உடனேயே தொலைக்காட்சி உரிமைக்காக மர்டொக் ஒரு பக்கம், பாக்கர் ஒரு பக்கம் நின்று அடிபட, 1997இல் இரண்டு போட்டிகள் தனித்தனியே நடந்தன. சமாதானத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 2000இல் 14 அணியாகச் சுருக்கினார்கள். தொடக்க கால அணியான சவுத் சிட்னியையே வெளியே போட்டார்கள். சனம் தெருவில் இறங்கியது, வழக்கும் போட்டது. 2002இல் அந்த அணி திரும்பி வந்தது.

பாடம் படித்ததாலோ என்னவோ, இப்போது மெதுவாகப் பெருக்குகிறார்கள். 2023இல் டொல்ஃபின்ஸ் பதினேழாவது அணியானது. 2027இல் பேர்த்துக்கும் 2028இல் பப்புவா நியூ கினிக்கும் அணி என்று அறிவித்திருக்கிறார்கள். பப்புவா நியூ கினியில் லீக் தேசிய விளையாட்டு மாதிரி. அந்த அணிக்காகப் பத்து வருடத்தில் 60 கோடி டொலர் தருவதாக அவுஸ்திரேலிய அரசு சொல்லியிருக்கிறது. பசிபிக்கில் சீனாவின் கை ஓங்குவது பற்றிய கவலையும் அந்தக் காசுக்குள் இருக்கிறது. டொரொண்டோவில் இருக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம்: உங்கள் ஊரின் வுல்ஃப்பாக் 2017இல் இங்கிலாந்துப் போட்டியின் மூன்றாம் நிலையில் தொடங்கி, 2020இல் முதல் நிலைக்கு ஏறி, அதே வருடம் கொரோனாவில் விலகியது. வரைபடத்தில் புள்ளி வைப்பது லேசு. ஊருக்குள் வேர் பிடிப்பதுதான் பாடு.

வேர் என்றால் என்ன என்று மேற்கு சிட்னியில் பார்க்கலாம். முதல்தர ஆட்டக்காரரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பசிபிக் தீவுப் பின்னணி உள்ளவர்கள். பென்ரித்தின் பிரையன் டோவும் அங்கே ஆடிய ஜரோம் லுவாயும் மவுண்ட் டுரூயிட் பக்கத்துப் பிள்ளைகள். இருவரும் தாய்தகப்பனின் சமோவாவுக்கும் ஆடினார்கள்; 2022 உலகக் கிண்ணத்தில் சமோவா இறுதியாட்டம் வரை போனது. என்னோடு வேலை செய்யும் சமோவா நண்பர் அந்த நேரம் காரில் கொடி கட்டிக்கொண்டு அலுவலகம் வந்தார். இங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் கொடியை வெட்கமில்லாமல் பிடித்ததைப் பார்த்தபோது, நம்முடைய தமிழ்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பல நாள் யோசித்தேன்.

சரி, விளையாடலாமா?

இனி வீட்டுக் கேள்வி. தலையில் அடிபடுவது இந்த விளையாட்டின் உண்மையான ஆபத்து. திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டவர்களுக்கு வரும் சீடிஈ என்ற மூளை நோய், இறந்த இரண்டு முன்னாள் லீக் வீரர்களிடம் இருந்ததாக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். 2021 முதல் தலைக்கு மேல் கை போனால் நடுவர்கள் கடுமையாக வெளியே அனுப்புகிறார்கள். கன்கஷன் வந்த பிள்ளை குறைந்தது 21 நாள் மோதல் உள்ள போட்டிக்குத் திரும்பக்கூடாது என்பது அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்தின் 2024 வழிகாட்டல். ஆட்டம் வேகமானால் பார்க்க அழகு. வேகமானால் அடியும் பலம். இரண்டும் உண்மை.

மனைவி, மாமா, நான் மூவரும் கதைத்து எடுத்த முடிவு இது: இந்த வருடம் டேக். இடுப்பில் வெல்க்ரோவில் ஒட்டிய பட்டையை இழுத்தால் டக்கிள் ஆனமாதிரி. ஓட்டம், பாஸ், கூட்டாளிகள் எல்லாம் உண்டு, மோதல் இல்லை. பத்து வயதில் மறுபடி பேசுவோம் என்று அவனிடம் சொன்னோம். முழு மனதோடு இல்லை, ஆனால் ஏற்றுக்கொண்டான். உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். கழகத்தில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: டக்கிள் பழக்குவது யார், தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, ஒரே வயதில் உடம்பு வித்தியாசம் அதிகமாக இருந்தால் என்ன செய்வார்கள்?

சிட்னிக்கு வருபவர்களுக்குச் சில குறிப்புகள். போட்டிகள் மார்ச்சிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை. பிள்ளைகளோடு போவதானால் ஞாயிறு மாலை ஆட்டம் நல்லது. வெள்ளி இரவு பிந்திவிடும். ஜூலையில் ஆற்றுக் குளிர் எலும்பைத் தொடும், ஜக்கெட் கட்டாயம். முன்கூட்டியே போய்ப் பக்கத்துப் பரமட்டாப் பூங்காவில் பிள்ளைகளை ஓட விடுங்கள். பெண்பிள்ளைகள் இருந்தால் பெண்கள் போட்டியையும் பாருங்கள்; 2018இல் நான்கு அணியோடு தொடங்கியது 2025இல் பன்னிரண்டாகிவிட்டது. ஆட்டம் முடிந்து திரும்பும்போது வென்ட்வேர்த்வில்லில் இறங்கினால் சூடாகக் கொத்துரொட்டி கிடைக்கும். ஈல்ஸ் தோற்ற இரவுகளில் மகனை அதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்துவோம். அப்படிப் பல இரவுகள் வந்திருக்கின்றன.