மஞ்சள் பாவையும் எழுபது வளைவும்!

"மாமா, ஒரு முக்கியமான மேட்டர். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

ராத்திரி பத்து மணிக்கு மச்சினன் இப்படி போன் செய்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையேதான் நினைத்தேன்.

"பொண்ணு எந்த ஊரு மாப்ளே?"

"பொண்ணு இல்ல மாமா... ஜே.சி.பி.! செகண்ட் ஹேண்ட். ஒன்பதரை லட்சம் சொல்றாங்க."

காதலாக இருந்திருந்தால் செலவு கம்மி ஸார்!

பையன் சேலத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். அவன் வாழ்க்கையில் தூக்கிய அதிகபட்ச பாரம், டிபன் கேரியர். அவனுக்கு எதற்கு ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள எந்திரம்?

காரணம், கொல்லிமலை. என் மாமனார் அங்கே வாத்தியாராக இருந்த காலத்தில் சோளக்காட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நடுவே காப்பிச் செடி, ஓரத்தில் நாலு பலா. அவர் போன பிறகு பாதி நிலம் புதராகிவிட்டது. அதைத்தான் மச்சினன் 'டெவலப்' பண்ணப் போகிறானாம். பி.எஃப். பணம் கொஞ்சம், கடன் கொஞ்சம்.

"பாதை போடணும், குளம் வெட்டணும், வீட்டுக்கு இடம் சமப்படுத்தணும், புதரை வழிக்கணும், வரப்பையெல்லாம் நேராக்கணும். ஒரே மெஷின், அஞ்சு வேலை மாமா!"

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. மலை ராசி போலிருக்கிறது. ஆனால், ஓரி அம்புக்கு இ.எம்.ஐ. கட்டியதாகப் புறநானூற்றில் இல்லை.

*

அடுத்த ஞாயிறு நாமக்கல். லாரி பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊர். பக்கத்திலேயே திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளுக்குப் பேர் போனது. இந்தப் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் முதலில் கற்றுக்கொள்வது 'அம்மா', அடுத்தது 'ஆக்ஸில்'! பழைய எந்திரம் விற்கும் யார்டு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் வண்டிகள் பக்கெட் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

கொல்லிமலையில் கொல்லிப்பாவை என்று ஒரு பாவை உண்டு. சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடும் என்பது கதை. மச்சினன் அந்த மஞ்சள் பற்களைப் பார்த்து நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஜே.சி.பி. என்பது உண்மையில் ஒருவருடைய இனிஷியல். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரர் 1945-ல் ஒரு சின்ன கராஜில் டிரெய்லர் செய்து தொழிலை ஆரம்பித்தார். முன்னால் அள்ளும் கை, பின்னால் தோண்டும் கை என்று இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்தது 1953-ல். இந்தியாவுக்கு 1979-ல் வந்தது. ஹரியானா மாநிலம் பல்லப்கரில் தொழிற்சாலை. நகல் எடுத்தால் எல்லாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் மண் தோண்டினால் நமக்கு அது ஜே.சி.பி.தான். 2019-ல் இது தோண்டுவதை ஜனங்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது ஊரெல்லாம் ஜோக்காக ஓடியதே, ஞாபகமிருக்கிறதா? அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை என் மச்சினன்!

நல்லவேளை, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். வயது அறுபது. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. புரோக்கர் காட்டிய 2014 மாடல் வண்டியின் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"சுடுதுங்களே! நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சீங்களா?"

"சும்மா ஒரு ரவுண்டுங்க..."

மேஸ்திரி என் காதில் சொன்னார்: "பச்சை எஞ்சின்ல ஸ்டார்ட் ஆகாத வண்டியைத்தான் முன்னாடியே சூடு பண்ணி வெப்பாங்க."

அப்புறம் நடந்ததெல்லாம் சர்ஜரி. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றினார், குபுகுபுவென்று புகை. "ரிங்கு தேஞ்சிருச்சு." முன் பக்கெட்டை உயரத் தூக்கச் சொல்லி எஞ்சினை நிறுத்தினார். ஒரு பீடியைப் பற்ற வைத்தார். பீடி முடிவதற்குள் பக்கெட் ஒரு ஜாண் இறங்கிவிட்டது. "சிலிண்டர்ல சீல் போயிருக்குது." பின் பக்கெட்டைப் பிடித்து ஆட்டினார். ஆடியது, கல்யாண வீட்டுப் பந்தக்கால் மாதிரி. "பின்னு, புஷ் எல்லாம் மாத்தணும்." கையில் ஓரிடத்தில் மட்டும் புத்தம்புது பெயின்ட். நகத்தால் சுரண்டினார், உள்ளே வெல்டிங்.

"மீட்டர்ல 6,200 மணி நேரம்தாங்க ஓடியிருக்கு" என்றார் புரோக்கர் பெருமையாக.

"பத்து வருஷத்துக்கு மேல ஆன வாடகை வண்டிங்க. வருஷத்துக்கு ஆயிரம் மணி ஓடினாலே பத்தாயிரம் வரணும். பெடல் ரப்பரைப் பாருங்க, வழுக்கைத் தலை மாதிரி இருக்குது. மீட்டர் பொய் சொல்லும்ங்க, பெடல் சொல்லாது."

பேப்பர் விஷயத்தையும் அவரே சொன்னார். சாலையில் ஓடுகிற வண்டியாதலால் ஆர்.சி. உண்டு. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பேர் மாற்ற படிவம் 29, 30. பழைய கடன் இருந்தால் அதை அடைத்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35. இல்லாவிட்டால் வண்டி நம் பெயரில், கடன்காரன் நம் வாசலில்.

"அப்ப வேற வண்டி பாக்கலாமா?" என்றான் மச்சினன் விடாமல்.

"வண்டி கிடக்கட்டும். முதல்ல நிலத்தைக் காட்டுங்க. மாப்பிள்ளை வீட்டைப் பாக்காம பொண்ணு சொல்றது தப்புங்க."

*

மேஸ்திரியின் ஆம்னி வேனில் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி. அங்கிருந்து மலை. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் போர்டு இருக்கிறது, '1/70' என்று. ஆபீஸில் அரியர்ஸ் எண்ணுகிற மாதிரி நாமும் எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான்.

பத்தாவது வளைவு வரை 'ஆஹா!' இருபதில் காது அடைத்தது. முப்பதில் காலையில் சாப்பிட்ட பொங்கல் தன் இருப்பை ஞாபகப்படுத்தியது. நாற்பதில் குரங்குகள் ஓரமாக உட்கார்ந்து, 'இதோ இன்னொரு கோஷ்டி' என்பதுபோல் பார்த்தன. ஐம்பதுக்கு மேல் மூடுபனி. காற்றில் ஈர மண் வாசனை. புரட்டாசி மாதம், முந்தின நாள்தான் மழை.

ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. டிரைவர் அனாயாசமாக ஒடித்துத் திருப்பினார். பின்பக்கம் எங்கள் மூக்கை உரசாத குறை.

மேஸ்திரி கேட்டார்: "தம்பி, வண்டியை மேல எப்படிக் கொண்டு வருவீங்க?"

"டிரெய்லர்ல..."

"இந்த வளைவுல டிரெய்லர் திரும்புமா?"

மச்சினன் வளைவைப் பார்த்தான். '53/70' என்றிருந்தது. பதில் வரவில்லை.

"ஓட்டிக்கிட்டுத்தான் ஏறணும். மேல ரிப்பேரானா மெக்கானிக்கும் சாமானும் கீழிருந்து வரணும். ஒரு ஹோஸ் வெடிச்சா ஒரு நாள் போச்சு."

எழுபதாவது வளைவு தாண்டியதும் சோளக்காடு. சந்தையில் வாழைத்தார்கள், அன்னாசி, மிளகு. சூடாக ஒரு டீ குடித்தோம். பொங்கல் சமாதானமானது.

*

நிலத்தைப் பார்த்துக்கொள்கிற மலையாளிப் பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். (மலையாளி என்றால் கேரளா என்று நினைக்காதீர்கள், மலையை ஆள்பவர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் தமிழ் பேசி வாழும் பழங்குடி மக்கள்.)

"வாத்தியாரு மவனா? வாங்க தம்பி. அப்பாரு ஜாடை அப்படியே இருக்குது."

மச்சினன் தன் ஐந்து திட்டங்களையும் கை நீட்டிக் காட்டி விளக்கினான். பெரியவர் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினார். அப்புறம் மண்வெட்டியால் ஓரிடத்தில் நாலு போடு போட்டார். மேலே ஒரு முழத்துக்குக் கறுத்த மண். அதற்குக் கீழே செம்மண்ணும் சரளையும்.

"இந்த ஒரு முழத்துலதான் மிளகும் காப்பியும் நிக்குது. உங்க மெஷினு ஒரு வாய்க்கு எம்புட்டு அள்ளும்?"

"முன் வாளி ஒரு கன மீட்டருக்கு மேல அள்ளும்ங்க" என்றார் மேஸ்திரி. பெரியவருக்குக் கன மீட்டர் புரிந்ததோ இல்லையோ, அவர் விரித்துக் காட்டிய இரண்டு கைகள் புரிந்தன.

"மேல சரளை வந்துட்டா, அதுல எதுங்க முளைக்கும்?"

பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப் போனார். வெளியூர்க்காரர் ஒருவர் சரிவை இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிச் சமதளம் ஆக்கியிருந்தார். பார்க்க கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி ஜோர்! ஆனால், வெட்டிய சுவரில் பாதி மழையில் சரிந்து, சமதளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு பலா மரம், வேரோடு.

சரிவின் காலை வெட்டினால் மேலே உள்ளது இறங்கத்தான் செய்யும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதை சரிந்தபோது பஸ்ஸே போகாமல் நின்றதே! நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் எந்திரத்தை இறக்கினால் பறிமுதல் வரை போகும். எந்த மலையானாலும் தாலுகா ஆபீஸில் கேட்காமல் ஒரு கூடை மண்ணைக்கூட மெஷினால் வெட்டக் கூடாது என்றார் மேஸ்திரி.

திரும்பி வந்ததும் பெரியவர் நிலத்தின் கீழ்ப் பக்கம் கை காட்டினார். சாமை கதிர் வாங்கி நின்றது, காற்றுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு.

"அது என் காடுங்க. நீங்க மேல வெட்டினா, மண்ணு எங்க தம்பி போய் நிக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

மச்சினன் பேச்சை மாற்றி, கோணல் மாணலாக ஓடிய கல் வரப்புகளைக் காட்டினான். "இதையாவது நேராக்கலாமுங்களா?"

"மலை வளையுற மாதிரி வளைச்சிருக்குதுங்க. நேரா வெச்சா தண்ணி ஒரே ஓட்டமா ஓடிரும், மண்ணையும் கூட்டிக்கிட்டு. அப்பாரும் நானும் அடுக்கினது. ஸ்கூலு லீவு நாள்ல எல்லாம் இதே வேலை. அஞ்சு வருஷம் ஆச்சு. சின்னக் கல்லெல்லாம் நீங்க பொறுக்கிப் போட்டதுதான், மறந்துட்டீங்க."

மச்சினன் குனிந்து ஒரு கல்லைத் தொட்டான். பாசி பிடித்திருந்தது. அப்புறம் வெகுநேரம் அவன் ஜே.சி.பி. பற்றிப் பேசவில்லை.

*

இறங்கும்போது செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டான். அக்கவுன்ட்ஸ் ஆள் அல்லவா, கணக்கு என்று வந்துவிட்டால் கடவுளையும் விட மாட்டான்.

"மேஸ்திரி, வாடகைக்கு எடுத்தா?"

"டீசல், டிரைவரோட மணிக்கு 1,200 ரூவான்னு வெச்சுக்குங்க."

"ஒன்பதரை லட்சத்துக்கு... 791 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணின்னா 99 நாள்!"

"உங்களுக்கு என்ன வேலை இருக்குது? இருக்கிற தடத்தைச் சீர் பண்ணணும், வீட்டுக்கிட்ட கொஞ்சம் நிரவணும். அனுமதி வாங்கிட்டு, மலையிலேயே வாடகை வண்டி கூப்பிட்டா ஒன்றரை நாள். பன்னண்டு மணி நேரம்."

"14,400 ரூபாய்..." மச்சினன் குரல் கம்மியது.

அப்புறம் வளைவுக்கு ஒரு செலவாக மேஸ்திரி அடுக்கினார். சொந்த வண்டிக்கு மணிக்கு அஞ்சு லிட்டர் டீசல் தனி. டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், ஹைட்ராலிக் ஆயில், நாலு டயர், தினமும் கிரீஸ். சும்மா நிறுத்தி வைத்தாலும் பேட்டரி இறங்கும், சீல் காயும். "வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவனுக்குத்தாங்க இது வண்டி. மத்தவங்களுக்கு இது யானை. கட்டித் தீனி போடணும்!"

இருபதாவது வளைவில் கீழிருந்து ஒரு மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு ஏறி வந்தது. மேஸ்திரி ஒதுங்கி வழி விட்டார். மச்சினன் கதவைத் திறந்து இறங்கி, அது மூன்று வளைவு ஏறி மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றான். பார்ப்பதற்கு வாடகை கிடையாது. பார்க்கட்டும்!

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "என்ன, ஜே.சி.பி. வாங்கியாச்சா?"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல எனக்குத்தானே போன் பண்ணினான், 'மாமாகிட்ட சொல்லாதே'ன்னு! அடகு வைக்க என் நகையைக் கேட்டான். நான்தான், 'எதுக்கும் மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போ'ன்னு சொன்னேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. "என் யோசனை மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"அதெல்லாம் இல்ல. நீங்க கூடப் போய் எந்தக் காரியம் இதுவரைக்கும் நடந்திருக்கு?"