தொடக்கத்தில் நின்றுவிடும் கணினி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பர். ஞாயிறு படும் திசையிலுள்ள கரை என்பதே அப்பெயரின் பொருள். அக்கரையின் உட்புறத்தே, மண்முனை மேற்குப் பிரிவில், உன்னிச்சைக் குளம் அமைந்துள்ளது. வயலுக்கு நீர் தரும் இக்குளமே மட்டக்களப்பு நகரின் குடிநீருக்கும் மூலமாக விளங்குகின்றது. இத்தகைய குளத்தை நம்பிய வட்டையிலே கடைசி வயலுக்கு நீர் வந்து சேராதபோது, குளமே கெட்டுவிட்டதென்று எவரும் முடிவு செய்வதில்லை. நீர் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதே முதல் வினா. துருசு திறந்துள்ளதா, வாய்க்காலைச் செடிகொடி அடைத்துள்ளதா, கரை உடைந்துள்ளதா, மேல்வயற்காரர் நீரை மறித்துள்ளாரா என்று வட்டவிதானை வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பார். நீர் ஓடும் கடைசி இடத்துக்கும் ஓடாத முதல் இடத்துக்கும் நடுவிலேதான் பழுது இருக்கும்.

வயலிற் பழகிய இவ்வொழுங்கு, கணினி மேசையின் முன் மறக்கப்படுகின்றது. இயக்கியவுடன் திரையிலே ஒரு சின்னமும் சுழலும் புள்ளிகளும் தோன்றி அதற்கப்பால் எதுவும் நிகழாவிடின், "கணினி பழுதாகிவிட்டது" என்ற ஒற்றைத் தீர்ப்பே வழங்கப்படுகின்றது. ஆயின், அந்தப் புள்ளிகள் சுழல்வதற்குள்ளேயே கணினி எத்தனையோ படிகளைக் கடந்து வந்திருக்கின்றது. அப்படிகளை அறிந்தவர்க்குத் தேக்கம் ஒரு செய்தி. அறியாதவர்க்கு அது வெறும் சுவர்.

கணினி விழித்தெழுவதை ஆங்கிலத்தில் 'பூட்' என வழங்குவர். தன் சப்பாத்து வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற வேடிக்கையான வழக்கிலிருந்து வந்த சொல் அது. தமிழிற் 'பூட்டு' அடைப்பதைக் குறிக்க, அங்கே 'பூட்' திறப்பதைக் குறிப்பது ஒரு முரண். ஆனால் அவ்வேடிக்கையில் ஓர் உண்மைச் சிக்கல் உண்டு. நிரலை நினைவகத்துக்கு ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை ஏற்றுவது யார்? 1975இல் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் சிறு கணினியிலே அதனை மனிதரே செய்தனர். முகப்பிலுள்ள ஆளிகளை மேலும் கீழுமாகத் தட்டி, முதற் கட்டளைகளை ஒவ்வொன்றாக உட்செலுத்தினர். பின்வந்த கணினிகளில் அக்கட்டளைகள் தாய்ப்பலகையின் நிலை நினைவகத்திற் பதிக்கப்பட்டன.

இன்றைய கணினியின் தொடக்கமும் அவ்வழியிலேயே நடைபெறுகின்றது. மின் வந்தவுடன் தாய்ப்பலகையிலுள்ள நிரல் நினைவகத்தையும் விசைப்பலகையையும் வட்டையும் சோதிக்கின்றது. அடுத்து, வட்டிலுள்ள ஏற்றி நிரலைத் தேடிக் கண்டு அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. ஏற்றி நிரல் இயக்க முறைமையின் கருவை நினைவகத்துக்குக் கொணர்கின்றது. கரு, கருவிகளை இயக்கும் சிறு நிரல்களை ஒவ்வொன்றாக எழுப்புகின்றது. இறுதியிலேதான் பயனரின் முகப்பு தோன்றும்.

எங்கே நின்றது என்பதைக்கொண்டு எங்கே தேடவேண்டும் என்பது புலனாகும். திரையில் ஒளியே இல்லையெனில், மின்னிணைப்பும் திரையும் நினைவக அட்டையும் முதலில் ஐயத்துக்குரியவை. ஈரப்பதம் மிகுந்த வாவிக் கரையிலே அட்டையின் பொன்னிற விளிம்பில் மாசு படிதல் புதுமையன்று. மின்னை நீக்கி, அட்டையைக் கழற்றி, மென்மையாகத் துடைத்துப் பொருத்திய அளவில் உயிர்பெற்ற கணினிகள் பல. திகதியும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிச் சென்றிருப்பின், தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவப் பற்றரி தீர்ந்திருக்கலாம். தொடங்குவதற்கான வட்டு இல்லை என்று திரை கூறின், முதலிற் செய்யத்தக்கது செருகிவைத்து மறந்த பென்டிரைவை அகற்றுவது. பின்னரே வட்டின் இணைப்பை நோக்குவது. சின்னம் தோன்றிப் புள்ளிகள் சுழன்றபடி நிற்பின், கணினி பெரும்பாலான படிகளைக் கடந்துவிட்டது. குற்றம் பெரும்பாலும் இயக்க முறைமையிலோ, அண்மையிற் சேர்த்த ஒரு நிரலிலோ, தளர்ந்துவரும் வட்டிலோ இருக்கும். அந்நிலையில், இன்றியமையாத நிரல்களை மட்டும் எழுப்பும் 'பாதுகாப்பான முறை' துணைபுரியும். அம்முறையிற் கணினி எழுமாயின், தடை பின்னர்ச் சேர்ந்த ஏதோவொன்றிலேதான் உள்ளதென்று பெரும்பாலும் துணியலாம். வாய்க்காலின் கிளைகளை அடைத்துத் தாய்வாய்க்காலில் மட்டும் நீர்விட்டுப் பார்ப்பதை அது ஒக்கும்.

இவ்வொழுங்கைக் கைவிடுவதால் நேரும் இழப்பு பொறியின் இழப்பன்று. பொறுமையற்றவர்க்கும் அவசரமாய்த் தொழில் முடிப்பவர்க்கும் தெரிந்த எளிய மருந்து, வட்டை வெறுமையாக்கி இயக்க முறைமையைப் புதிதாய் நிறுவுதல். கணினி மீண்டும் எழும். ஆனால் அதனுள் இருந்தவை போய்விடும். உன்னிச்சையின் ஒரு வீட்டிலிருந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் செல்லும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய ஆய்வேட்டின் ஒரே படி அந்த வட்டில் இருப்பின், அம்மருந்து நோயினும் கொடிது. தொடங்க மறுக்கும் வட்டு பெரும்பாலும் படிக்க மறுப்பதில்லை. அதனைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தோ, பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கியோ கோப்புகளை முதலிற் படியெடுத்துவிடல் தகும். திருத்தம் அதன் பின்னரே. வட்டு டிக் டிக் என்று ஒலிக்குமாயின், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதும் கேடே. ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியதை அழிக்கக்கூடும்.

தொடக்கத்தில் நிற்பது சிற்றூர்க் கணினிக்கு மட்டும் உரிய குறையன்று என்பதை 2024 யூலை 19ஆந் திகதி உலகம் கண்டது. கிரவுட்ஸ்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் அன்று, இலங்கை நேரப்படி காலை 9.39 அளவில், 291ஆம் இலக்கமிட்ட ஒரு சிறு கோப்பை வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. 21 உள்ளீடுகளை எதிர்பார்க்கும் அமைப்புக்கு 20 மட்டுமே வழங்கப்பட்டிருந்தன. இல்லாத 21ஆவதைத் தேடிய நிரல் நினைவகத்தின் எல்லை கடந்து இடறிற்று. அந்நிரல் கணினியின் கருவோடு ஒட்டி இயங்குவதாதலின், கணினிகள் நீலத் திரை காட்டி வீழ்ந்தன. எழ முயன்று மீண்டும் வீழ்ந்தன. 78 நிமிடங்களில் அக்கோப்பு மீளப்பெறப்பட்டது. எனினும், அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசொவ்ற் மதிப்பிட்டது. உலகின் விண்டோஸ் கணினிகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. ஆயினும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. டெல்ரா என்னும் ஒரே விமான நிறுவனம் ஏறத்தாழ 7,000 பறப்புகளை நீக்க நேர்ந்தது.

இங்கே கருதத்தக்கது பிழையினும் திருத்தமே. பாதுகாப்பான முறையில் தொடங்கி அந்த ஒரு கோப்பை அழித்தாற் போதும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எழாத கணினிக்கு வலையமைப்பினூடாகக் கட்டளை அனுப்புதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே, பணியாளர் ஒவ்வொரு கணினியிடமும் நடந்து செல்ல வேண்டியிருந்தது. வட்டு மறைகுறியிட்டுப் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவையும் உள்ளிட வேண்டியிருந்தது. திருத்தம் அறியப்பட்ட பின்னரும் மீட்சி நாட்கணக்கில் நீண்டமைக்கு இதுவே பெருங்காரணம். உலகம் முழுவதையும் ஒரு நொடியில் எட்டும் பிழையைத் தீர்க்க, இறுதியில் வட்டவிதானையின் நடையே வேண்டியதாயிற்று.

நடந்து செல்வதற்கு ஆள் இருக்கும் இடத்தில் இது நாட்கணக்கு. வாவிக்கு அப்பால், நகரக் கடைக்குப் பேருந்தேறிக் கணினியைச் சுமந்து செல்லவேண்டிய ஊரில் இது பாடசாலைத் தவணையின் கணக்கு. சில வேளை மாணவர் ஒருவரின் பட்டத்தின் கணக்கு. எனவே, படியறிந்து பழுதுதேடும் அறிவு கணினித் துறையாருக்கு மட்டும் உரியதாக இருத்தல் போதாது. முக்கியமான கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி வைத்தலும், மீட்புத் திறவை அக்கணினிக்கு வெளியே ஒரு தாளிலேனும் எழுதிவைத்தலும், கணினி நின்ற கணத்தில் திரை காட்டிய சொற்களைக் குறித்துக்கொள்ளுதலும் எவர்க்கும் இயல்வன. அக்குறிப்பைக் கொண்டு செல்பவர், "பழுது" என்று மட்டும் கூறிப் பிறர் தீர்ப்புக்குக் காத்திருப்பவரல்லர். இன்ன படிவரை வந்தது, இதற்கப்பால் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர். அவ்வளவு சொல்லப்பட்டுவிட்டால், தேடலின் பாதித் தூரம் கடந்தாயிற்று.