கண்ணீர்ப் பாலத்தைத் திரும்பக் கடந்தவன்

பொம்மைப் படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் போட்டுவிடுகிற சங்கதி என்றுதான் நம் வீடுகளில் நினைப்பு. அந்த நினைப்போடு இதைப் படிக்க உட்காரும் அன்பர்கள் சற்றே பொறுமை காட்ட வேண்டும். நான் எழுதப் போவதும் ஒரு பொம்மைப் படத்தைப் பற்றித்தான். ஆனால் அதில் பசி இருக்கிறது, அன்றாடக் கூலி இருக்கிறது, சாவும் இருக்கிறது.

2018ஆம் ஆண்டில் என் மகன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, மேற்கொண்டு படிக்கவும் வழியில்லாமல், பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மாலையில் டவுனிலுள்ள ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் பயிற்சி. இரவில் கைத்தொலைபேசியில் ‘மெகலோ பாக்ஸ்’ என்ற புதிய ஜப்பானியத் தொடர். அந்தத் தொடர் 50 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கதையின் நினைவாக எடுக்கப்பட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், மூலக் கதையைத் தேடிப் பிடித்துவிட்டான். மகன் தினமும் இரண்டு மணி வரை கண் விழிக்கிறானே, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு அவன் இல்லாத நேரத்திலும் பார்த்தேன்!

‘அஷிட்டா நோ ஜோ’ என்பது அதன் பெயர். ‘நாளைய ஜோ’ என்று பொருள். 1968ஆம் ஆண்டு சனவரி முதல் 1973ஆம் ஆண்டு மே வரை, ஜப்பானில் சிறுவர்களுக்கான ஒரு வார இதழில் படக்கதையாக வந்தது. படக்கதையை அங்கே ‘மாங்கா’ என்பார்கள். கதையை எழுதியவர் இக்கி கஜிவாரா. இந்தக் கதைக்கு அவர் அசாவோ தகமோரி என்ற பெயரை வைத்துக்கொண்டார். படம் வரைந்தவர் தெத்சுயா சிபா.

கதை நடக்கும் இடம் டோக்கியோவிலுள்ள சான்யா. அந்த இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் கதை நமக்கு ஏன் ஒட்டுகிறது என்பது விளங்கும். விடிவதற்கு முன்பே ஆண்கள் தெருவில் வந்து நிற்பார்கள். ஆள் பிடிக்கும் தரகன் லாரியோடு வருவான். இன்றைக்கு இத்தனை பேர் என்று எண்ணி ஏற்றிக்கொண்டு போவான். மிஞ்சியவர்களுக்கு அன்று கூலியில்லை. இரவானால் ஓர் ஆள் படுக்க மட்டும் இடமுள்ள மலிவான விடுதி. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்ததே, அதற்கான சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பிய கைகளில் இவர்களுடைய கைகளும் உண்டு. பெரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் கூப்பிடக் காத்து நின்ற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

சான்யாவின் ஓரத்தில் ‘நமிதபாஷி’ என்றோர் இடம். ‘கண்ணீர்ப் பாலம்’ என்று பொருள். பழங்காலத்தில் மரண தண்டனைக் கைதிகளைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோன வழி அது. உறவினர்கள் அங்கே நின்று அழுது விடைகொடுத்ததால் அந்தப் பெயர் வந்ததாம். வாழ்க்கையில் தோற்றவர்கள் அந்தப் பாலத்தைக் கடந்து சேரிக்கு வந்து சேருகிறார்கள். நீ அதைத் திரும்பக் கடந்து போக வேண்டும் என்று ஜோவிடம் சொல்லுகிறான் தன்பெய். ஒற்றைக் கண்ணன், பெருங்குடியன், ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரனாக இருந்தவன். பாலத்தின் கீழே பலகைகளை அடித்து ஒரு பயிற்சிக் கூடமும் கட்டுகிறான்.

ஜோ நல்ல பிள்ளை இல்லை. தாய் தகப்பன் இல்லாத அவன், சேரிச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊரை ஏமாற்றி நன்கொடை வசூலித்து, பிடிபட்டு, சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறான். காவலில் அடைபட்டிருக்கும் அவனுக்குத் தன்பெய் அஞ்சலட்டை எழுதுகிறான். ‘நாளைக்காக, பாடம் ஒன்று’ என்று தலைப்பிட்டு, இடது கையால் எப்படிக் குத்துவது, முழங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எழுதியிருக்கும். ஜோ முதலில் அட்டையைத் தூக்கி எறிகிறான். பிறகு வேறு வேலையில்லாமல் அதன்படி செய்து பார்க்கிறான். மலிவான ஓர் அஞ்சலட்டையில் வந்த பாடம் ஒருவனை எழுந்து நிற்க வைக்கிறதே! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், சண்டைகளை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

சீர்திருத்தப் பள்ளியில் ஜோவுக்கு எதிரியாகவும் உற்றவனாகவும் வந்து சேருகிறவன் ரிக்கிஷி. இங்கே ஒரு சுவையான செய்தி. ஓவியர் சிபா முதலில் வரைந்தபோது ரிக்கிஷியை ஜோவைவிட மிகவும் உயரமாகப் போட்டுவிட்டார். குத்துச்சண்டையில் எடை வாரியாகத்தானே மோத முடியும்? ஜோ பாண்டம் எடைக்காரன், 53.5 கிலோ. நெடிய உருவமுள்ள ரிக்கிஷி அவனோடு மோத வேண்டுமானால் உடம்பை வற்ற வைக்க வேண்டும். அதையே கஜிவாரா கதையாக்கினார். ரிக்கிஷி சாப்பாட்டை நிறுத்துகிறான். தண்ணீரையும் நிறுத்துகிறான். தாகம் தாங்காமல் ஓடினால், குழாய்களெல்லாம் கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றன. மனமிரங்கி ஒரு பெண் கொண்டுவந்து கொடுக்கும் வெந்நீரையும் தரையில் கொட்டிவிடுகிறான். எடை சேருகிறது. ஜோவைத் தோற்கடிக்கிறான். கை குலுக்க வரும்போது விழுந்து சாகிறான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. 1970ஆம் ஆண்டு மார்ச் 24இல், கவிஞரும் நாடகக்காரருமான சூஜி தெராயாமாவின் முயற்சியில், அந்த இதழை வெளியிட்ட கோதன்ஷா நிறுவனத்தின் மண்டபத்தில் ரிக்கிஷிக்கு இறுதிச் சடங்கு நடந்தது. குத்துச்சண்டை மேடை அமைத்தார்கள், பிக்கு மந்திரம் ஓதினார், மணி பத்து முறை அடித்தது. ஏறத்தாழ 700 பேர் வந்தார்கள். தாளில் மையால் வரைந்த ஓர் உருவத்துக்கு! அடுத்த வாரமே, மார்ச் 31இல், செம்படைப் பிரிவு என்ற தீவிரவாதக் குழுவின் இளைஞர்கள் ஒன்பது பேர் ஒரு ஜப்பானிய விமானத்தைக் கடத்தி வடகொரியாவுக்குப் போனார்கள். போகும்போது வெளியிட்ட அறிக்கையில், தாங்கள்தாம் ‘நாளைய ஜோ’ என்று எழுதி வைத்தார்கள். மறுநாள், ஏப்ரல் முதல் தேதி, தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது.

அந்த ஒன்பது பேர் ஜோவை எந்தக் கண்ணால் பார்த்தார்களோ! கூலிக்காரன் ஒருவனின் பிடிவாதத்தைப் படித்துவிட்டு, ஒன்றும் அறியாத பயணிகளை மிரட்டுவதற்கு அதை முன்னுரையாக்கிக் கொள்வது என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒரு கதை வாசகன் கைக்குப் போய்விட்டால், அவன் அதை எதற்கு எடுத்துக்கொள்வான் என்று எழுதியவராலும் சொல்ல முடியாதல்லவா?

அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்தது. 2019இல் மகனுக்கு ஒரு போட்டி. ஐந்து நாளில் நான்கு கிலோ குறைக்க வேண்டும். சோற்றை நிறுத்தினான். மூன்றாம் நாள் தண்ணீரையும் நிறுத்தி, பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினான். உதடு வெடித்திருந்தது. அவன் அம்மா கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“ரிக்கிஷி செய்யலையாப்பா?” என்றான்.

“செய்தான் தம்பி. செய்து என்ன ஆனான்?” என்றேன்.

பதில் இல்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அதையும் சொன்னேன், காதில் ஏறவில்லை. அன்றிரவு கிம் வரும் பகுதியை மறுபடி போடச் சொன்னேன்.

கிம் ஒரு கொரிய வீரன். கொரியப் போரின்போது குழந்தை. பசி பொறுக்காமல் ஒரு போர்வீரனை உணவுக்காகக் கொன்று, அந்த வீரன் தன் தகப்பன் என்பதைப் பிறகு அறிந்தவன். உண்மையான பசி தெரிந்தவன் நான், வயிறு நிறைந்த உங்களால் என்னை வெல்ல முடியாது என்கிறான். அடி வாங்கிக்கொண்டே ஜோவுக்கு ஒன்று விளங்குகிறது. கிம்முக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை. ரிக்கிஷியோ இருந்தும் சாப்பிடாமல் இருந்தான். அந்த எண்ணத்தில் எழுந்து நின்று வெல்லுகிறான்.

கதையை எழுதியவர் ரிக்கிஷியின் பட்டினியைத்தான் உயர்த்துகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரிசி இல்லாமல் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தவர்களின் பேரன் நான். இல்லாதவன் பசியும் வேண்டாம், இருப்பவன் பட்டினியும் வேண்டாம். இதை மகனிடமும் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தான். பிறகு எழுந்துபோய்க் கஞ்சியைக் குடித்தான். ஒரு படி மேல் எடையில் இறங்கினான். புள்ளிகளில் தோற்றான். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

இந்தக் கதையில் நம் நாட்டு ஆள் ஒருவனும் வருகிறான், தெரியுமா? ஹரிமாவ் என்று பெயர். மலேசியக் காட்டிலிருந்து பிடித்துவந்த காட்டுப் பிள்ளையாம். விலங்குபோல் தாவித் தாவிச் சண்டை போடுகிறான். இந்தப் பகுதியைப் பார்த்து மகன் விழுந்து விழுந்து சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹரிமாவ் என்ற பெயர் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே பழக்கமானது. திரெங்கானுவில் வளர்ந்து, கொள்ளைக்காரனாகி, ஜப்பானிய ராணுவத்துக்கு உளவு பார்த்து, 1942இல் சிங்கப்பூரில் இறந்த தானி யுத்தாகா என்பவனுக்கு அந்தப் பெயர் இருந்தது. 1960இல் அவனை வீரனாக்கித் தொலைக்காட்சித் தொடரும் எடுத்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை வீட்டில் உண்டு! என் பாட்டி உயிரோடு இருந்தால், ஜப்பான்காரன் படத்தை வீட்டுக்குள் விட்டிருக்கவே மாட்டார்.

ஆனால் ஓவியர் சிபாவின் பிள்ளைப் பருவத்தையும் சொல்லியாக வேண்டும். மஞ்சூரியாவில் வளர்ந்தவர் அவர். 1945இல் ஜப்பான் தோற்றபோது ஆறு வயது. தகப்பனாரின் சீன நண்பர் ஒருவர் அந்தக் குடும்பத்தைத் தம் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். வெளியே போக முடியாத தம்பிகளுக்குப் படம் வரைந்து காட்டித்தான் அவர் ஓவியரானார். அவர் வரைந்த பசி கேள்விப்பட்டு வரைந்ததன்று.

தொலைக்காட்சித் தொடரை இயக்கிய ஒசாமு தெசாகிக்கு அப்போது வயது 26. முக்கியமான கட்டத்தில் ஓடும் படத்தை நிறுத்தி, கையால் தீட்டிய ஓவியமாக மாற்றிவிடுவார். ஒரே அசைவை மூன்று முறை திருப்பிக் காட்டுவார். இந்த உத்திகளை அவருக்குப் பின் வந்தவர்கள் எத்தனையோ தொடர்களில் கையாண்டார்கள். முதல் தொடர் 79 பகுதிகளோடு 1971இல் நின்றது. 1980இல் அவரே திரும்ப வந்து 47 பகுதிகளில் முடித்து வைத்தார்.

ரிக்கிஷிக்குச் சடங்கு நடந்த இரண்டே மாதத்தில், 1970 மே மாதம், ஒரு குழந்தை பிறந்தது. குத்துச்சண்டைப் பித்துப் பிடித்த தகப்பன் ஜோவின் பெயரையே சேர்த்து ஜோயிச்சிரோ என்று வைத்தார். அந்த ஜோயிச்சிரோ தத்சுயோஷி 1991இல், தம் எட்டாவது போட்டியிலேயே, அதே பாண்டம் எடையில் உலகப் பட்டம் வென்றார். பிறகு கண்ணின் விழித்திரை பழுதாகி, பட்டம் போய், 1997இல் மீண்டும் வென்றார். பெயர் வைத்த தகப்பன் மகன் கையில் பட்டம் வர வேண்டும் என்று நினைத்திருப்பார், கண்ணையும் நினைத்திருப்பாரா?

கடைசிச் சண்டையில் ஜோ உலக வீரன் ஹோசே மெண்டோசாவோடு 15 சுற்றும் நின்று, புள்ளிகளில் தோற்கிறான். மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தலை கவிழ்ந்திருக்கிறது, முகத்தில் சிரிப்பு, உடம்பெல்லாம் எரிந்து தீர்ந்த சாம்பல்போல் வெள்ளை. அந்த ஒரு படத்தோடு கதை முடிகிறது. இறந்தானா இருக்கிறானா என்று ஜப்பானில் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் தீரவில்லை. மகன் இறந்துவிட்டான் என்கிறான். அவன் அம்மா, களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை எழுப்பாமல் விடுங்கள் என்கிறாள்.

சான்யாவில் இப்போது அந்தக் கூட்டம் இல்லை. இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மலிவு விடுதிகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிறார்கள். கடைத்தெருவில் ஜோவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆற்றை மூடிச் சாலையாக்கி விட்டதால் கண்ணீர்ப் பாலம் மட்டும் கிடையாது. ஒரு சாலைச் சந்திப்புக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அதன் பெயர் இருக்கிறது.