கன்னக்கட்டையில் ஒரு பென்சில் கோடு

நான் முதன்முதலில் துப்பாக்கி பிடித்தது வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில், பலூன் சுடும் கடையில். இப்போது கம்பத்தில் எங்கள் மொட்டை மாடியில் அண்ணன் மகள் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். பத்து மீட்டர் தள்ளி அட்டை, அதற்குப் பின்னால் செங்கல் சுவர். பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் குறுக்களவு வெறும் 0.5 மில்லிமீட்டர்!

நேற்று சாயங்காலம் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கன்னம் பதியும் கட்டையின் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடிக் கன்னத்தை வைப்பாள், திறப்பாள். சைட் வளையத்தின் நடுவே கறுப்பு வட்டம் நிற்காவிட்டால் மறுபடியும் திருகுவாள். இதை வீண் ஆடம்பரம் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: தையல்காரர் அளவெடுப்பதைப் போன்ற வேலை இது.

இந்த விளையாட்டில் இம்மி பிசகினாலும் இடம் போய்விடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஏர் ரைஃபிள் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்தார். சராசரி பத்தரை. ஆனாலும் பத்தாம் இடம். இறுதிச்சுற்று எட்டுப் பேருக்குத்தான். அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலை பார்த்தேன். கட்டை நின்ற உயரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறாள். "சித்தப்பா, இதைத் தொட்டுடாதீங்க" என்றாள்.