துரத்துவோர் இல்லாத ஓட்டம்

நம்மவர் பேச்சில் ஓட்டம் என்னும் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. பெற்றோர் சொல்லை மீறி மணம் புரிந்தவளை 'ஓடிப்போனவள்' என்கிறோம். ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்யாதவனை 'ஓடுகாலி' என்கிறோம். தோட்டத்திலோ இச்சொல்லுக்கு இவற்றினும் கொடிய பொருள் இருந்தது. இன்று செபராங் பிறை என வழங்கும் இப்பெருநிலம் வெல்லெஸ்லி மாகாணமாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி வந்த தமிழ்க் கூலிகள் தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்குவது அந்நாளில் சட்டப்படி குற்றம். பிடிபட்டவனுக்கு அபராதம் உண்டு, சிறையும் உண்டு. 1910-ம் ஆண்டில் மலாயாவில் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் பிணைக்கும் முறை ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்ததே தவிர, சொல்லில் படிந்த கறை ஒழியவில்லை.

ஆகையால், சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஐவர் தோட்டத்துச் செம்மண் சாலையில் மாலை வேளையில் ஓடத் தொடங்கியபோது, லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "என்ன கிராணி, யாரு தொரத்துறாங்க?" என்று கேட்டதை வெறும் வேடிக்கையாக நாங்கள் எண்ணவில்லை. அவர் கேள்விப்பட்ட ஓட்டமெல்லாம் துரத்தப்பட்ட ஓட்டமே. ஒருவரும் துரத்தாமல், கூலியும் இல்லாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக வளர்ந்த மனிதர்கள் வியர்வை சிந்துவார்களா என்பது அவருடைய ஐயம். அவ்வையத்துக்கு எங்களால் இயன்ற விடையை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலப் பள்ளியில் படித்த நாட்களில் 'அமெச்சூர்' என்ற ஒரு சொல்லை எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்பு செய்பவன் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியே வந்தது அது. பணத்தை எண்ணாமல், விருப்பம் ஒன்றினாலேயே ஒரு விளையாட்டை மேற்கொள்பவன் அமெச்சூர் என்றார்கள். பொருள் அழகியதுதான், ஆனால் அச்சொல்லின் சரித்திரத்தை எவரும் சொல்லவில்லை. 1866-ல் லண்டனில் கனவான்கள் கூடி 'அமெச்சூர் அத்லெடிக் கிளப்' என்ற சங்கத்தை நிறுவினார்கள். அவர்கள் வகுத்த விதி, பரிசுப் பணத்துக்காக ஓடியவனை விலக்கியதோடு நிற்கவில்லை. இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகிய மூவரையும் பெயர் சொல்லி விலக்கியது. கையால் உழைத்து உண்பவன், விருப்பத்துக்காக ஓடுபவனாக இருக்கவே முடியாது என்பது அவ்விதியின் உட்கருத்து. 1880-ல் ஆக்ஸ்போர்டில் புதிய சங்கம் தோன்றிய பிறகே அத்தடை நீங்கியது.

நம் தோட்டங்களில் அப்படி ஒரு விதியை எவரும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, அதன் பின் ஐந்நூறு மரங்கள் வரை பால்வெட்டு, பால் சேகரித்துக் காண்டா போட்டுச் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சேர்த்தல், பிறகு விறகு, தண்ணீர், பிள்ளைகள். லண்டன் கனவான்களின் விதியை இங்கே கடிகாரமே நிறைவேற்றி வைத்தது.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. நம்மவர் வெட்டிய காடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கின்றனர். தோட்டத்தை விட்டுச் சென்ற நம்மவருள் பலர் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி, தொழிற்சாலையில் நின்றும், லாரியில் அமர்ந்தும், காவல் கூண்டில் கண்விழித்தும் பிழைக்கின்றனர். உழைப்பு மாறிவிட்டது, உழைத்த காலத்து உணவோ மாறவில்லை. 2019-ல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரிடையே நீரிழிவு நூற்றுக்கு 18 பேர் அளவில் காணப்பட்டது. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31. நாற்காலியில் அமர்ந்து, பிறர் உழைத்ததைக் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிகளாகிய எங்கள் நிலையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நோய்க்கு அஞ்சி மட்டுமே ஓடுவதும் ஒருவகையில் துரத்தப்பட்ட ஓட்டமே அன்றோ? அன்று சட்டம் துரத்தியது; இன்று நோய் துரத்துகிறது. நாங்கள் தொடங்கியது அந்த அச்சத்தினால்தான். தொடர்ந்ததற்குக் காரணம் வேறு.

எங்கள் பயிற்சியில் ரகசியம் ஒன்றுமில்லை. தோட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் எண் பலகை உண்டு. அப்பலகைகளே எங்களுக்கு மைல்கற்கள் ஆயின. முதல் மாதத்தில் ஒரு பலகைக்கு ஓடி, அடுத்த பலகைக்கு நடந்தோம். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். குறைந்தது ஒரு நாள் முழு ஓய்வு. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் மருத்துவரைக் கலந்த பின்பே சேரலாம் என்று விதி செய்துகொண்டோம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிகிறதே ஒழிய எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆகவே வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் அருந்த வேண்டும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்து இரத்தத்தில் உப்பைக் குறைத்துக்கொள்வதும் ஆபத்தே.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு பினாங்குத் தீவுக்குச் செல்வோம். ஜோர்ஜ்டவுன் கடைகளில் வேலை செய்யும் நண்பர்கள் மூவர் அங்கே எங்களோடு சேர்ந்துகொண்டனர். தண்ணீர்மலை அடிவாரத்தில், 1884-ல் அமைக்கப்பட்ட தாவரத் தோட்டத்தின் வாயிலிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஒரு ஜீப் பாதை ஏறுகிறது. ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்த ஐந்தும் மூச்சை வாங்கிவிடும். ஏறும்போது கடைக்காரரும் தோட்டக்காரரும் ஒரே மாதிரி வாய் திறந்து மூச்சு விடுவதைக் கண்டோம். பட்டணத்துத் தமிழர், தோட்டத்துத் தமிழர் என்று நம்மிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பல கூட்டங்களில் சொற்பொழிவு கேட்டிருக்கிறோம். அம்மலைப் பாதை அதைச் சொற்பொழிவின்றியே தீர்த்து வைத்தது.

இரண்டாம் ஆண்டில் எங்களோடு ஓர் அம்மையார் சேர்ந்தார். நாற்பத்தேழு வயது, உரம் போடும் வேலை, பேரன் கண்டவர். எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். அவர் பினாங்குப் பாலத்து மராத்தான் பந்தயத்தில் 21 கிலோமீட்டர் ஓட விரும்பியபோதுதான் உண்மையான தொல்லை எழுந்தது. பெண்பிள்ளை பொது வீதியில் ஓடுவதா என்று அண்டை அயலார் பேசினர். வீட்டில் மாமியார், "அந்தக் காசுல பேரனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கலாமே" என்றார்.

முதற்பேச்சுக்கு விடை எளிது. 1966-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் பேராவில் பிறந்த எம். இராஜாமணி என்ற தமிழ்ப் பெண். அதே ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற பட்டம் முதன்முதலாக அவருக்கே சூட்டப்பட்டது. அதே போட்டியில் மருத்துவர் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் கொண்டுவந்தார். 1968-ல் மெக்சிகோவில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி நிறுவிய தேசிய சாதனை 2017 வரை நிலைத்தது. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் ஜி. சரவணன். பெண்களின் உடல் நெடுந்தூரம் தாங்காது என்று சொல்லி, ஒலிம்பிக்கில் 1984 வரை அவர்களுக்கு மராத்தானை மறுத்து வைத்திருந்தவர்கள் மேல்நாட்டு அறிஞர்களே. ஆகவே இவ்விஷயத்தில் மூடத்தனம் நமக்கு மட்டும் உரிய சொத்தன்று.

மாமியாரின் பேச்சுக்கு விடை எளிதன்று. அவர் பொய் சொல்லவில்லை. பந்தய நாள் ஞாயிறு. ஞாயிற்று வேலைக்கு இரட்டைச் சம்பளம். நுழைவுக் கட்டணம், காலணி, போக்குவரத்து, இழந்த சம்பளம் ஆகியவற்றைக் கூட்டிச் சொல்லும்படி அக்காவே எங்களைக் கேட்டார். கூட்டிச் சொன்னோம். அத்தொகையை இங்கே எழுத வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை செய்த எவரும் அதை மனக்கணக்காகவே கூட்டிக்கொள்வர். சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்த அக்கா, "சரி, பேரை எழுதுங்க" என்றார். பேரனுக்குச் சப்பாத்தும் வாங்கினார். அதற்காக மூன்று ஞாயிறு கூடுதலாக வேலை செய்தார்.

பினாங்குப் பாலம் 1985-ல் திறக்கப்பட்டது. நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். அதற்கு முன் தீவுக்குச் செல்லப் படகே வழி. ஆண்டு முழுவதும் வண்டிகளுக்கே உரிய அப்பாலத்தில், பந்தய இரவில் மட்டும் மனிதர் தம் கால்களால் செல்லலாம். வெயிலுக்கு அஞ்சியும், காலையில் பாலத்தை வண்டிகளுக்குத் திருப்பித் தரவும் நள்ளிரவுக்குப் பின்னரே பந்தயம் தொடங்குகிறது. நகரத்தார் பலர் அந்நேரத்தை எண்ணி வருந்தினர். நான்கு மணிக்கே விழித்துப் பழகிய எங்கள் அக்காவுக்கு இருட்டு புதிதன்று.

புறப்படும் இடத்தில் ஒவ்வொருவர் மார்பிலும் ஓர் எண். தோட்டத்திலும் எங்களுக்கு எண் உண்டு. செக்ரோல் புத்தகத்தில் பெயருக்கு முன் நிற்கும் அவ்வெண், இன்ன நாள் இன்னார் எவ்வளவு உழைத்தார் என்பதைப் பிறருக்குச் சொல்வது. இவ்வெண்ணோ நாங்களே விரும்பிக் காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொண்டது. மலாய்க்காரர், சீனர், கென்ய நாட்டு வீரர், வங்கி அதிகாரி, உரம் போடும் பெண் ஆகிய எல்லோர்க்கும் அவ்விரவில் ஒரே தூரம், ஒரே காற்று.

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர். அதில் ஓடிய எங்களுள் இருவர் பெருநிலத்தின் கரையைத் தொட்டுத் திரும்பினோம். முப்பது கிலோமீட்டர் கடந்ததும், உடல் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து தீர்ந்து, கால்கள் பிறருடையவை போல் ஆயின. அப்போது வீடுகள் இருக்கும் கரைக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தோம். நிற்கலாம், யாரும் தண்டிக்கமாட்டார்கள். ஓடலாம், யாரும் கூலி தரமாட்டார்கள். இரண்டும் நம் விருப்பமே என்னும் நிலையில் ஒரு காலை எடுத்து அடுத்த காலுக்கு முன் வைப்பது எத்தகைய சுகம் என்பதை எழுத்தில் கொண்டுவர எங்களுக்குத் திறமில்லை. அக்கா மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு தம் 21 கிலோமீட்டரை முடித்து, காலணியைக் கழற்றி வைத்து, வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக்கு வந்து நின்றார்.

இனி நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்படும்போது லயங்களைப் பற்றிப் பேசுகிறோம்; கோயிலையும் பள்ளியையும் பற்றிப் போராடுகிறோம். பந்து விளையாடிய திடலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கரும்பும் ரப்பரும் விளைந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும், 2000-ம் ஆண்டின் சுக்மா போட்டிகளுக்காக எழுந்த பெரிய விளையாட்டரங்கமும் நிற்கின்றன. 2014-ல் திறந்த இரண்டாம் பாலமும் அங்கேதான் கரையேறுகிறது. அரங்கம் நல்லதுதான். ஆனால் அரங்கத்தில் பார்ப்பவர்க்கு இடம் அதிகம். திடலில் ஓடுபவர்க்கு இடம் அதிகம். திடல் போன இடத்தில் சாலையாவது இருக்கிறது. தொழிற்சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் கோயிற் சபைகளும் ஆண்டில் ஒரு நாள், பெண்களையும் முதியோரையும் சேர்த்து, மூன்று கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வைக்கலாகாதா? அதற்கு மேடையும் மாலையும் வேண்டாம். தண்ணீர்ப் பானையும் ஒரு சுண்ணாம்புக் கோடும் போதும்.

எங்கள் தோட்டத்துக் குழுவுக்கு அடுத்த பந்தயத்துக்கான பட்டியல் கிராணி மேசையில் இருக்கிறது. இதுவரை பதினொரு பெயர்கள். அவற்றுள் நான்கு பெண்களுடையவை. தாளில் இன்னும் இடம் இருக்கிறது.