ஆண்டகைக்குப் பிறகு

ஸ்காபரோ, கனடா



போர்க்காலத்தில், மன்னாரில் உள்ள எங்கள் கீரிக் கிராமத்தில் யாரையேனும் ஆமி பிடித்துக்கொண்டு போனபோது வீட்டார் பொலிசுக்கு ஓடியதில்லை. முதலில் பங்குச் சுவாமியிடம், அங்கிருந்து மன்னார் ஆயர் இல்லத்துக்கு. 1992 முதல் அங்கே ஆயராக இராயப்பு யோசேப்பு ஆண்டகை இருந்தார். அவர் கதைப்பார், நாங்கள் வாய் திறக்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டோம்.

அவர் கதைத்ததும் லேசான கதையல்ல. போருக்குப் பிறகு அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 சனவரியில் மன்னாருக்கு வந்தபோது, கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கையும் ஐ.நா. கணக்கையும் எடுத்து முன்னால் வைத்தார். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. கணக்கின்படி அதன் பிறகு 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? அரசாங்கம் எழுதிவைத்த எண்ணிலிருந்தே அரசாங்கத்தின் ஆணைக்குழுவுக்குக் கழித்துக் காட்டினார். அதற்குப் பிறகு இரகசியப் பொலிஸ் அவரை விசாரித்ததும் உலகறிந்த கதை.

அந்தத் துணிவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பயப்படாமல் நின்றபடியால் எங்களில் பலர் தங்கள் பயத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்கு வந்த நான் அதைப் பெட்டியில் போட்டுக் கூடவே கொண்டுவந்தேன்.

2016இல் ஆண்டகை உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரல் 1இல் காலமானார். அவர் ஓய்வு பெற்றபோதே, ஆயர் இல்லத்துக்கு ஓடிப் பழகிய சனம் இனி என்ன செய்யும் என்று இங்கே நாங்கள் பெருமூச்சு விட்டோம். அங்கே பெண்கள் வேறு மாதிரி நடந்தார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்துக்குக் குந்தினார்கள். 2018 மே 12இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் மன்னாருக்குச் சந்திப்புக்கு வந்தபோது, எத்தனை ஆணைக்குழுவுக்குத்தான் சொல்லுவது என்று சனம் முகத்துக்கு நேரே கேட்டது.

காணாமலாக்கப்பட்ட தன் புருஷனுக்காக என் மச்சாள் ஒருத்தியும் அந்தச் சந்திப்புக்குப் போயிருந்தாள். ஒரு படிவம் நிரப்பவும் விதானையாரையோ தமையனையோ தேடுகிறவள். பிறகு தொலைபேசியில் சொன்னாள்: "கை நடுங்கினதுதான் மச்சாள். ஆனா அவரைக் கொண்டுபோன நாள், நேரம், வாகனத்தின்ர நிறம் எல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும் எண்டு அங்க நிண்டுதான் விளங்கிச்சு. தமையன் என்னத்தைச் சொல்லுவான்?"

பயம் போன பிறகு அவள் பேசவில்லை. நடுங்கிக்கொண்டே பேசினாள். தன் வழக்குக்குத் தானே சாட்சி என்பது பேசும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவளுடைய புருஷன் வரவில்லை; பதிலும் வரவில்லை. அதை மறைத்து வெற்றிக் கதை எழுத எனக்கு மனமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் கீரிக்காரருக்கு, மன்னார்க்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். காசு அனுப்புகிறோம், நல்லது. ஆனால் காசோடு சேர்த்து "உனக்கேன் தேவையில்லாத வேலை, பேசாமல் இரு" என்றும் அனுப்புகிறோம். அந்தப் பயம் அங்கே இருப்பவர்களுடையது அல்ல, எங்களுடையது. அடுத்த முறை கூட்டத்துக்குப் போகிறேன் என்று அங்கே உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னால், பஸ் காசை மட்டும் அனுப்புங்கள்.