இனமொழி விடை

கடந்த வைகாசியில் பாலசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரின் திரௌபதியம்மன் கோயில் திடலில் 22 நிமிடப் பேச்சை இழந்தேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அவ்விடம் இன்று வெறும் புள்ளிகளாக நிற்கிறது. அந்த இழப்பு எப்படி நேர்ந்தது என்பதைக் களப்பணிக்குச் செல்லவிருக்கும் இளைய ஆய்வாளர்களுக்காக எழுதிவைக்கிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

பாலசமுத்திரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மீண்டும் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடுகள் இடம் மாறின. வீட்டுப் பேச்சு மாறவில்லை. பள்ளியில் தெலுங்கு, அடுப்பங்கரையில் தமிழ், சந்தையில் இரண்டும் என்று வாழ்பவர்கள் இங்கே மிகுதி. பாரதத் திருவிழாவில் கதை சொல்லும் பெரியவர் ஒருவர், பாட்டைத் தெலுங்கில் பாடி, பொருளைத் தமிழில் விரித்து, நகைச்சுவைக்கு மட்டும் மறுபடி தெலுங்குக்குத் தாவுவார். எந்தச் சொல்லில் தாவுகிறார், ஏன் தாவுகிறார் என்பதே என் ஆய்வுப் பொருள்.

அவர் பேசும்போதே பல்கலைக்கழகத்தில் இரு மொழியும் அறிந்த தோழர்கள் குறிப்பெடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். எனவே திடலில் ஒரு குறியாக்கியை வைத்து, கைபேசி வலையமைப்பின் வழியாகக் காணொளியை மும்பையிலுள்ள மேகக்கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தோம். இத்தகைய காணொளிப் போக்குவரத்துச் சேவைகள் இன்று ஒளிபரப்பு உலகில் இயல்பாகிவிட்டன. அமேசானின் மீடியாகனெக்ட் 2018இல் வந்தது. ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017இல் திறந்த மூலமாக வெளியிட்ட எஸ்ஆர்டி நெறிமுறை, இழந்த தரவுப் பொதிகளைத் திரும்பக் கேட்டுப் பெறுவதால், நிலையற்ற இணையத்திலும் படத்தைக் காப்பாற்றுகிறது.

இந்தப் போக்குவரத்தைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் ஒரு மென்பொருள் வேண்டும். அம்மென்பொருளுக்குச் சேவையின் மொழி தெரியாது. இடையில் நின்று பெயர்த்துச் சொல்வதைத்தான் இணைப்பு இயக்கி என்கிறார்கள். பழைய சொல்லில் சொன்னால் அது துபாஷி. எங்கள்முன் மூன்று துபாஷிகள் இருந்தனர். முதலாவது, மேகச் சேவையின் கட்டளை இடைமுகத்தோடு நேரே பேசுவது. நிலையைக் கேட்கும், ஓட்டத்தைத் தொடங்கும், நிறுத்தும், மூலத்தை மாற்றும். இரண்டாவது, சேவை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிடும் அளவீடுகளை மட்டும் படிப்பது. மூன்றாவது, திடலில் இருக்கும் குறியாக்கியோடு பேசுவது.

நான் முதலாவதைத் தேர்ந்தேன். அதன் பட்டியலில்தான் அளவுருக்கள் அதிகம் இருந்தன, கட்டளையிடவும் முடிந்தது. எல்லாம் தெரிந்தவன் ஒருவன் இருக்க மற்றவர் எதற்கு என்று எண்ணினேன். வழக்கமாக மேடையடியில் வைக்கும் கைப்பதிவுக் கருவியையும் அன்று பையிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு, சூதாட்டச் சருக்கம். திரை முழுதும் பச்சை. மூலம் இணைந்திருந்தது, ஓட்டம் இயங்கியது, மீட்கப்படாத பொதி ஒன்றுகூட இல்லை. ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தபோது 22 நிமிடம் கடந்திருந்தது. ஒலிக்கலவைப் பெட்டியிலிருந்து குறியாக்கிக்கு வந்த கம்பி தளர்ந்திருந்தது. ஒலிபெருக்கியில் பெரியவர் குரல் முழங்கியதால் திடலில் இருந்த எனக்கு ஐயமே எழவில்லை. ஆய்வகத் தோழர்களோ, ஒலி வராததைத் தங்கள் கணினியின் கோளாறு என்று எண்ணி அதனோடு போராடிக்கொண்டிருந்தார்கள். குறியாக்கி மௌனத்தையும் முறையாகப் பொதிகளாக்கி அனுப்பியது. சேவை அந்த மௌனத்தைச் சிறிதும் சிந்தாமல் கொண்டுசேர்த்தது. அவற்றில் எதன்மீதும் குற்றமில்லை.

மறுநாள் காலை பெரியவரிடம் அப்பகுதியை மறுபடி சொல்ல முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு நைனா. இன்னிக்கு வாய்ல வர்றது வேற." அது மறுப்பு அன்று, என் ஆய்வுத்துறையின் அடிப்படை உண்மை. தாவல் அந்தக் கணத்துக்குரியது.

அன்று பகல் முழுதும் நன்னூலின் வினா விடைப் பகுதி நினைவில் சுழன்றது. பவணந்தியார் விடையை எட்டாக வகுக்கிறார். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடி விடைகள். எஞ்சிய ஐந்தில் கடைசியானது இனமொழி. ஆடுவாயா என்று கேட்டால் பாடுவேன் என்பது. கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும், சொன்னது பொய்யாகாது, ஆனால் கேட்டதற்கு விடை நாம்தான் உய்த்துணர வேண்டும். குரல் வருகிறதா என்று நான் கேட்டேன். பொதி வருகிறது என்றது இயக்கி. அதை நேர் விடையாக எடுத்துக்கொண்டது என் பிழை.

ஆகவே மூன்றாம் நாள் தேர்வைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் கேள்விகளை எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் நேர் விடை தரக்கூடியவர் யார் என்று பிறகு தேடினோம். குரல் இருக்கிறதா? குறியாக்கியின் ஒலி அளவை அறிந்த மூன்றாம் இயக்கியே சொல்லும். வழி சீராக உள்ளதா? மேகச் சேவையின் இயக்கி சொல்லும். நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவர் ஒரு நிமிடத்துக்குள் எதையும் அறியமாட்டார்; எனவே அவரை இரவு முடிந்தபின் பார்க்கும் பதிவேட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அடிக்கடி கேட்டால் விரைவாக அறியலாம் என்றும் சொல்ல இயலாது. மேகச் சேவைகள் வினவல்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன, மீறினால் விடையே வராது.

இன்னொன்றையும் கற்றோம். உற்றது உரைத்தல் வேறு, உறுவது கூறல் வேறு. பொதி இழந்தது என்பது நடந்ததைச் சொல்வது. பொதி போய்வரும் நேரம் கூடிக்கொண்டே வருகிறது என்பது நடக்கவிருப்பதைச் சொல்வது. எஸ்ஆர்டியின் காத்திருப்பு நேரத்தைப் போய்வரும் நேரத்தைப் போலச் சுமார் நான்கு மடங்காக வைப்பது வழக்கம். இயல்பிருப்பான 120 மில்லிநொடியையே விட்டிருந்தோம். கூட்டம் சேர்ந்து கைபேசிக் கோபுரம் திணறும் இரவுக்கு அது போதாது. அதை உயர்த்தி, போய்வரும் நேரத்துக்கும் ஓர் எச்சரிக்கை வைத்தோம்.

கட்டளை உரிமை கடைசிக் கேள்வி. வலையமைப்பு மேலாண்மைக்கென 1988இல் வந்த எஸ்என்எம்பி நெறிமுறையிலேயே கேட்பதும் மாற்றுவதும் தனித்தனிச் செயல்கள். வினாவையும் ஏவலையும் ஒருவர் கையில் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதுவரை எங்கள் இயக்கியின் கணக்கில், தவறான ஒரு சொடுக்கில் ஓட்டத்தையே அழிக்கும் உரிமை இருந்தது. படிக்கும் உரிமையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினோம். இணைப்பு அறுந்தால் மாற்று மூலத்துக்குத் தாவும் வேலையைச் சேவையின் தானியங்கி வசதியிடமே ஒப்படைத்தோம்.

அன்று மாலை ஒத்திகையில் நானே ஒலிக்கம்பியைப் பிடுங்கினேன். விடை தெரிந்தே கேட்பதை நன்னூல் அறிவினா என்கிறது; ஆசிரியர் மாணவரிடம் கேட்பது. சில நொடிகளில் திரை சிவந்தது. தேர்வு எழுதியது இயக்கி. தேறியது நான் என்று தோன்றியது. கைப்பதிவுக் கருவியும் அன்று மேடையடிக்குத் திரும்பியது.

அதன்பின் ஓர் இரவும் குரல் விடுபடவில்லை. ஆனால் சூதாட்டச் சருக்கத்தில் அவர் எந்தச் சொல்லில் தெலுங்குக்குத் தாவினார் என்பது என் ஏட்டில் இல்லை. கேட்டிருந்த ஊராருக்கு அது நினைவிருக்கலாம். அடுத்த வைகாசியில் சென்று கேட்பேன்.

களத்துக்குச் செல்லும் தோழர்கள் தங்கள் கருவியிடம் என்ன கேட்கிறோம், அது எதற்கு விடை சொல்கிறது என்பதை ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். இதுபோன்ற உங்கள் இழப்புகளையும் கீழே எழுதுங்கள். சேர்த்துத் தொகுத்தால் அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும்.